சமைத்தவள் சாப்பிடாத சோறு

அன்றைக்கு அந்தப் பாடசாலை வளவுக்குள் இருந்தது ஒன்பது பேர். சாரணியர் குழுவைப் புதிதாகப் பொறுப்பெடுத்த டீச்சர், காரைதீவில் இருந்து வாறவ. சமையல் சின்னத்துக்குப் பரீட்சை வைக்க அவ கூட்டிக்கொண்டு வந்த ஒரு சேர், திருக்கோவில் பக்கத்து ஆள், பெரிய ஹோட்டல்களில் சமையல் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் நான்கு பேர், அதில் ஒன்று என் மகள். தாய்மார் இரண்டு பேர், நானும் எங்கள் தெருவில் இருக்கிற, அக்கா முறையான ஒரு ராத்தாவும். வாசலில் காவலுக்கு இருக்கிற வாச்சர் காக்கா. வேறு யாரும் இல்லை. பிறகு கல்முனை முழுக்க ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். அங்கே இல்லாதவர்கள்தான் கூடக் கதைத்தார்கள். அதனால் ஆட்களை முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சின்னத்தை மகள் புதிதாக எடுக்கவில்லை. அவள் அதை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. முன்பு குழுவைப் பார்த்த டீச்சர் கொடுத்தது. நான்தான் சட்டைக் கையில் வைத்துத் தைத்தேன், சோற்றுப் பானைப் படம் போட்ட வட்டச் சின்னம். அந்த டீச்சர் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டா. புதிய டீச்சர் வந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, எடுத்த சின்னம் எல்லாவற்றுக்கும் திரும்பவும் பரீட்சை வைப்பேன் என்று சொன்னா. சித்தியடையாதவர்கள் சின்னத்தைக் கழற்றித் தந்துவிட வேண்டும்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டி நாளில் ஒரு பிள்ளை விழுந்து முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற சாரணியப் பிள்ளையின் கையில் முதலுதவிச் சின்னம் இருந்தது. அந்தப் பிள்ளை இரத்தத்தைக் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றதாம். டீச்சர்தான் ஓடிவந்து தன் சாரித் தலைப்பால் அமத்திப் பிடித்திருக்கிறா. அதைச் சொல்லிவிட்டு, "அந்தச் சின்னத்தப் பார்த்து ஒருத்தர் நம்பினா என்ன நடக்கும்?" என்று கேட்டா. நான் தலையை ஆட்டினேன். எல்லாரையும் விட நான்தான் வேகமாக ஆட்டியிருப்பேன்.

ஏனென்றால் நான் பயந்த பிறவி. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் எழும்பிப் போய்த் திருகிப் பார்ப்பேன். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு, குதிக்கால் நனைந்ததோ இல்லையோ என்று திரும்பவும் எடுப்பேன். பிள்ளைகளின் வாப்பா சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். அவர் குழாயடியில் வந்து நின்றுகொண்டு, "இவட ஒளுக்கே ஒரு குளம் வேணும். பெரிய குளம் இரிக்கிற இறக்காமத்துக்கு ஆரும் கலியாணம் கட்டிக் குடுத்திருக்கலாம்" என்பார். எடுத்தது எடுத்ததுதான், சந்தேகத்துக்காகத் திரும்ப எடுக்கத் தேவையில்லை என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்லித்தான் இருக்கிறார்கள். எனக்கு மனம் கேட்காது. அதனால் டீச்சர் திரும்பவும் பார்க்க வேண்டும் என்றபோது எனக்கு அது நல்ல கதையாகவே பட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது அதை மறுத்துக் கதைக்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தொடங்கிவிட்டாள்.

"களவெடுத்த சின்னமா உம்மா அது? சமைச்சுத்தானே எடுத்த?"

"சமைச்சாத்தான் என்ன, திரும்பச் சமைச்சுக் காட்டு. நீ சமைக்கிறதுதானே."

"அப்ப உங்களயும் திரும்ப நிக்காஹ் முடிக்கச் சொன்னா முடிப்பிங்களா?"

வாப்பாவின் வாய் அப்படியே அவளுக்கும். பெருநாள் முடிந்து பாடசாலை விடுமுறையில் நுவரெலியாவில் பாசறை வைக்கிறார்கள். மலைநாட்டை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். சமையல் சின்னம் இல்லாத பிள்ளையைப் பாசறைக்கு எடுக்க மாட்டார்கள். பெயர்களை நோன்புக்கு முன்னம் அனுப்ப வேண்டும், முற்பணமும் கட்டியாகிவிட்டது. அதனால் முறைத்துக்கொண்டு என்றாலும் சம்மதித்தாள்.

டீச்சர் குறித்த சனிக்கிழமை, நோன்பு மாதத்துக்கு முந்தின ஷஃபான் மாதத்தின் கடைசிப் பக்கத்தில் வந்தது. நோன்பு மாதத்தில் பெண்களால் சில நாட்கள் நோன்பு பிடிக்க முடியாது. விட்ட நாட்களை அடுத்த நோன்பு வருவதற்குள் கணக்குப் பார்த்துப் பிடித்து முடிக்க வேண்டும். கழா நோன்பு என்று சொல்வோம். பிடிப்பதற்கு வருஷம் முழுக்கக் கிடந்தாலும் எங்கள் வீடுகளில் ஷஃபானில்தான் அவசரம் வரும். தாயும் மகளும் ஒன்றாக, விடியுமுன் சாப்பிடச் சஹருக்கு எழும்புவோம். ஆண்கள் கேட்க மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். அவளுக்கு இரண்டு மிச்சம், எனக்கும் மிச்சம் இருந்தது. அந்தச் சனிக்கிழமையை விட்டால் பிறகு நாள் இல்லை என்று பயந்து நான்தான் அவளை எழுப்பிச் சாப்பாடு கொடுத்தேன்.

"சமைக்கத்தானே போறாய், தின்னவா போறாய்" என்றும் சொன்னேன்.

போன தடவை அப்படித்தான் நடந்தது. பிள்ளை சமைத்தாள், டீச்சர் ருசி பார்த்தா, முடிந்தது.

பாடசாலைக்குப் பின்னால் கடற்கரை. காற்று நெருப்பை ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டிருந்தது. நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்று கல், ஒரு கட்டு விறகு. சோறு, மீன் ஆணம் என்கிற குழம்பு, கீரைச் சுண்டல். மகள் தகரத் துண்டொன்றைத் தேடி எடுத்துக் காற்றுப் பக்கம் நட்டுவிட்டு நெருப்பை மூட்டினாள். எனக்குக் கை துறுதுறுத்தது. தாய்மார் கிட்டப் போகக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தா. நாங்கள் மதிலோடு கிடந்த வாங்குப் பலகையில் இருந்து பார்த்தோம். ஒரு பிள்ளைக்கு நெருப்பே பிடிக்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதியது. பார்க்கப் பாவமாக இருந்தது.

வாச்சர் காக்கா சேருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கதைத்தபடி இருந்தார். அவருக்கு எதையும் விளங்கப்படுத்துகிற குணம். முஸ்லிம் அல்லாத ஒருவர் வந்தால் போதும், நிறுத்த மாட்டார். சேர் சும்மா, போன கிழமை ஒரு கூட்டாளி வீட்டில் ரொட்டி தந்தார்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு இவர் ஷஃபான் நடுவில் வருகிற விராத் இரவுக்கு ரொட்டி ஏன் சுடுகிறது, எத்தனை சுடுகிறது, முதலில் யாருக்குக் கொடுக்கிறது, எல்லாம் சொல்லி முடிக்க இரண்டு பானை கொதித்துவிட்டது. சேரும் பாவம், "ஓமா? ஓமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சமைத்து இறக்கியதும் சேர் எழும்பி வந்தார். வந்து நின்று, இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

"முதல் வாய் சமைச்ச ஆள்தான் சாப்பிடணும். பிறகுதான் நான். நான் வேலை செஞ்ச இடமெல்லாம் அதுதான் சட்டம்."

மகள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்க வேண்டாம் என்ற பார்வை அது. எனக்குத் தெரியும், பெற்றவள்தானே.

இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டுச் சித்தியடைந்தார்கள், ராத்தாவின் மகளும் ஒன்று. நெருப்புப் பிடிக்காத பிள்ளையின் சோறு அரிசியாகவே கிடந்தது. கடைசியாக என் மகளிடம் வந்தார். அவள் சோற்றைத் தட்டில் போட்டு, ஆணத்தை ஊற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"நீங்க முதல்ல, மகள்."

"எனக்கு வயிறு சரியில்ல சேர்."

"ஒரு வாய்தானே."

"ஏலாது சேர்."

"சமைக்கக்குள்ள ருசி பார்த்ததா?"

அவள் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். ருசி பார்க்கவில்லை என்று எனக்கும் தெரியும். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது. நோன்பு மாதத்தில் நாங்கள் அப்படித்தான் ஆணத்துக்கு உப்புப் பார்ப்போம். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் துப்பினால் கேட்பார்கள்தானே. சேர் என் பக்கம் திரும்பினார்.

"தாய் வாங்க. நீங்களாவது சாப்பிட்டுப் பாருங்க."

நான் எழும்பினேன். எழும்பின பிறகுதான் எனக்கும் நோன்பு என்று நினைவு வந்தது. அப்படியே நின்றேன்.

நோன்பு என்று ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன என்று பிறகு ராத்தா கேட்டா. நான் சொன்னால் சேர், "இப்ப என்ன நோன்பு? அது வர நாள் கிடக்கே?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் இல்லை, தெரியாமல் கேட்பார். வாச்சர் காக்கா கதிரையை இழுத்துப் போட்டு விளங்கப்படுத்தத் தொடங்குவார். பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க வேண்டும். கடமை இல்லாத, சுன்னத்தான நோன்பு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நோன்பும் வாயுமாக எப்படிப் பொய் சொல்கிறது?

"எனக்கும் வயிறு சரியில்ல சேர்" என்றேன்.

நானும் பொய்தான் சொன்னேன். எந்தப் பொய் சின்னது என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்.

சேர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெத்த தாயே வாயில வைக்கிறா இல்ல" என்று டீச்சரிடம் மெல்லச் சொன்னார். வாச்சர் காக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் கேற்றுப் பக்கம் எழும்பிப் போனார். அந்த மனிதருக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கப்படுத்தாமல் போனார், அல்லாஹ் அவருக்கு நல்லதைக் கொடுக்கட்டும்.

ராத்தா என் முழங்கையை இடித்தா. "என்னகா, ரெண்டு பேருமா?"

நான் கண்ணை மூடித் திறந்தேன்.

"அல்லாவே!" என்றுவிட்டு நேரே போய்த் தட்டை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினா. "சேர், நான் மூண்டு பேருக்கும் சேத்துத் தின்னுறன். நல்ல ஆணம். உப்புத்தான் கொஞ்சம் காணா. உங்கட ஹோட்டல்ல இப்படி மீன் ஆணம் கிடைச்சா?"

சேர் சிரித்தார். அவரும் சாப்பிட்டார். நெருப்பு நல்லது, சோறு நல்லது, உப்பு மட்டம் என்றார். ஆனால் மனம் மாறவில்லை.

"தான் சமைச்சதத் தானே சாப்பிடாத ஆள்ட்ட நான் முப்பது புள்ளைகள்ற பானையக் குடுக்க மாட்டன் டீச்சர். வயித்துக் குத்து இரிக்கிற ஆள் சமையலுக்கு வரவும் படாது. ரெண்டுல எது எண்டாலும் பிழைதான்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். அநியாயம் செய்திருந்தால் வீட்டில் வந்து நாலு ஏச்சு ஏசிவிட்டு ஆறியிருப்பேன்.

டீச்சர் சின்னத்தைக் கேட்டா. மகள் சட்டைக் கையை என்னிடம் நீட்டினாள். நான் தைத்தால் சின்னத் தையல், இறுக்கமான தையல். பிளேட் வாங்கிப் பிரிக்கச் சுணங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயிலில் நிறம் மங்கிய சட்டையில், சின்னம் இருந்த இடம் மட்டும் புதுத்துணி போல வட்டமாக இருந்தது.

நோன்பு துறக்கிற மஃரிப் வரை அவள் என்னோடு கதைக்கவில்லை. பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உம்மா, நான் ஒண்டு கேக்கிறன். விட்ட நோன்பத்தான் கழாப் பிடிக்கிற. பிடிச்ச நோன்பத் திரும்பப் பிடின்னு ஆராவது சொல்றா?"

"இல்ல."

"அப்ப இது மட்டும் என்ன?"

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "டீச்சருக்கும் உன்ட உம்மாட சந்தேக வருத்தம்போல. ஒளு எடுத்து ஒளு எடுத்து நிக்கிறா" என்றார். மகள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரவு நான் கேஸைத் திருகிப் பார்க்க எழும்பியபோது, சட்டை கொடியில் தொங்கியது. ஒரு நாளும் இல்லாமல் அன்றைக்கு என் கை மேல் எனக்கே வெறுப்பு வந்தது. அணைத்ததுதானே, ஏன் திரும்பவும் தொடுகிறேன் என்று நினைத்தேன். தொட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

திங்கட்கிழமை பாடசாலை விட்ட பிறகு மகளுக்குத் தெரியாமல் டீச்சரைப் பார்க்கப் போனேன். போகிற வழியில் இரண்டு தரம் திரும்பி வர நினைத்தேன். அவ தனியாக இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தா. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கழா என்றால் என்ன என்பதையும், அவள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டா.

"ஏன் தங்கச்சி அண்டைக்கு என்னக் கூப்பிட்டுக் காதுக்குள்ள சொல்லல்ல? நானும் பொம்பிளதானே."

"பயம் டீச்சர்."

"என்னிலயா?"

"எல்லாத்திலயும்."

அவவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டா. பிறகு முகம் மாறிவிட்டது. சின்னத்தை இப்போதே திருப்பிக் கொடுத்தால், நெருப்புப் பிடிக்காத பிள்ளை தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் மகள் எதை மறைத்தாளோ அது வெளியே வரும். சொல்லாவிட்டால் பக்கச்சார்பு என்பார்கள், முஸ்லிம் அல்லாத காரைதீவாள் என்றும் சொல்வார்கள். அவ ஒவ்வொன்றாக விரலை மடித்துச் சொன்னா. என்னைப் போலவே எல்லாப் பக்கமும் பயப்படுகிற ஒரு ஆளை நான் மேசைக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

நான் மகள் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டேன். பிடித்த நோன்பை யாரும் திரும்பப் பிடிக்கச் சொல்வதில்லை டீச்சர் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு டீச்சரிடம் நான் கேட்ட முதல் எதிர்க் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவ கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினா.

"நோன்பு அவக்கும் ஆண்டவனுக்கும் இடையில" என்றா. "முதலுதவி அப்படி இல்லத்தானே தங்கச்சி. காயப்பட்ட புள்ள அங்க கிடந்தது. கையில சின்னம் இருந்த புள்ள சும்மா நிண்டது. அத நான் பார்த்தனான்."

"ஓம் டீச்சர். ஆனா அந்தப் புள்ள மறந்ததுக்கு எல்லார்ட சின்னத்தயும் ஏன் பிரிக்கிற?"

"ஒருத்தரட மட்டும் பிரிச்சா அந்தப் புள்ள எங்க போய் நிக்கும்?"

சேர் சொன்னது சரி, டீச்சர் சொன்னது சரி, என் மகள் கேட்டதும் சரி. திரும்பப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், மறக்கக் கூடியதைப் பார்க்கலாம், மறந்தவர்களுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம், சின்னத்தை மட்டும் கையில் விட்டு வைக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு மேசைக்கு முன்னால் நின்றபோது இந்தச் சொற்கள் வரவில்லை. எனக்குச் சொற்கள் எப்போதும் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய பிறகுதான் வரும்.

நான் போனது மகளுக்கு அடுத்த நாளே தெரிந்துவிட்டது. டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, காரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல், "உன்ட பேரையும் அந்த மற்றப் பிள்ளைட பேரையும் பாசறைக்கு அனுப்புறன். ரெண்டு பேரும் அங்க என்னோட சமையலுக்கு நில்லுங்க. நானும் உங்களோட சேந்து முதல் வாய் சாப்பிடுவன். சின்னம் அதுக்குப் பிறகு" என்று சொல்லியிருக்கிறா. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா, மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா, எனக்குத் தெரியாது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று கேட்கவும் இல்லை.

மகள் வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வீசினாள்.

"நீங்க சொல்லிப்போட்டிங்கதானே?"

"ஓம்."

"அந்த மனுசி என்னப் பார்த்த பார்வையிலயே தெரிஞ்சிட்டு. பாவம் பார்க்கிறா. எனக்கு ஒருத்தரும் பாவம் பார்க்கத் தேவயில்ல."

"அப்ப போகமாட்டியா?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வாப்பா போய்க் கதவடியில் நின்று, நுவரெலியாவில் ஒரு கோவா, அந்த முட்டைக்கோசு, என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வா, எனக்கு யாவாரத்துக்கு உதவும் என்றார். பிறகு கதவு கொஞ்சம் திறந்தது.

"போறன். ஆனா அந்தச் சின்னத்தத் திருப்பித் தந்தா உம்மா தைக்கப்படாது. வேணுமெண்டா நான் தைப்பன். வேணாமெண்டா இல்ல."

"சரி மகள்" என்றேன். வெறுங்கையோடு அவள் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கப் போவதை நினைத்து எனக்கு அப்போதே பயம் தொடங்கிவிட்டது. யாராவது கேட்டால் என்ன சொல்வாள், குளிருக்கு மேல்சட்டை போட்டால் சட்டைக் கை தெரியாதுதானே, அங்கே பானையில் உப்புக் குறைந்தால் என்ன செய்வாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

அடுத்த நாள் டீச்சரிடம் இருந்து போனுக்குக் குரல் பதிவு வந்தது. பெயர் போய்விட்டதாம். பாசறைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, நீங்கள் முற்பணமாகக் கட்டிய நாலாயிரம் கையில் இருக்கிறது, மீதியைத் தலை நோன்புக்கு முன்னம் தந்துவிடுங்கள் தங்கச்சி என்று சொல்லியிருந்தா. நான் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மகளின் பெயரைச் சொல்கிறாவா என்று கேட்கத்தான்.

வாப்பாவும் கேட்டார். "சின்னம் இல்லாமப் போறதுக்கும் அதே காசா?" என்றுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அந்தக் கிழமை மரக்கறி மலிவு, கையில் ஒன்றும் நிற்கவில்லை. தலை நோன்புக்குள் தேட வேண்டிய மீதி மூவாயிரத்து ஐந்நூறு ரூபா.